பிரேக் பார்த்த எலுமிச்சம்பழம்

ரோஸ் ஹில்லில் ஓர் எலுமிச்சம்பழம் எஞ்சினியர் வேலை பார்த்து வந்தது. சிரிக்காதீர்கள். அதைத் தரிசிக்கப் பட்டறை வாசலில் தள்ளுமுள்ளு!

“நமக்கு நாமே பஸ் கட்டுவோம்” என்று புறப்பட்ட புதுக் கம்பெனி அது. முதலாளி நாகலிங்கம் தபாலில் எஞ்சினியரிங் படித்தவர். படித்து என்ன? எதற்கும் ஐயாசாமிச் சாமியாரைக் கூப்பிட்டுவிடுவார். சாமியார் மெல்லிய பலகை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பழத்தை நடுவில் வைத்துக் கண்ணை மூடுவார். பழம் தானாக உருளும். எந்தப் பக்கம் போகிறதோ அதுவே முடிவு. பஸ்ஸுக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதையும் பழம்தான் சொன்னது. அதனால் பஸ் ஏற நடுரோட்டில் நிற்கவேண்டும்.

அன்று பிரேக். மேசைக்கு இடப்பக்கம் கப்பலில் வந்த புது பிரேக். வலப்பக்கம், க்ளெமானின் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த துரு பிரேக். பழம் அசைந்தது, யோசித்தது, துருவை நோக்கி உருண்டது.

“அரோகரா!” என்றது கூட்டம். பக்கத்து வீட்டு எவெலின் சிலுவை போட்டுக்கொண்டாள். க்ளெமான் வாயெல்லாம் பல்.

சீட்டுக்கு உறை தைக்கும் சிவகாமி மட்டும் கையிலிருந்த குண்டூசி டப்பாவை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அந்த பஸ்ஸை செமின் கிரனியே இறக்கத்தில் ஓட்டப்போகிற பழனியாண்டி அவள் புருஷன்.

“சாமி, பிரேக் பிடிக்குமா?”

“முருகனே வந்து பிடிப்பான்மா!”

“அப்போ மொத சவாரி நீங்க வாங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல முன்சீட்டு.”

சாமியாருக்கு வேர்த்தது. “வெள்ளிக்கிழமை எனக்குப் பயணம் ஆகாது.”

“சனிக்கிழமை போலாம்.”

“சனி எனக்குப் பகை.”

“ஞாயிறு?”

“வண்டி ஏறினா வாந்தி வரும்மா!”

“க்ளெமான் மிசியே, நீங்களாவது?”

“முவா? பா போசிப்!” என்று க்ளெமான் துள்ளினார். நானா, நடக்கவே நடக்காது என்று கையையும் ஆட்டினார்.

கூட்டம் முணுமுணுத்தது. சாமியார் நழுவப் பார்த்து எழுந்ததில், மேசை ஓரத்திலிருந்த சிவகாமியின் குண்டூசி டப்பா கவிழ்ந்தது. ஊசிகள் தரைக்குப் போகவில்லை. பாய்ந்து போய்ச் சாமியாரின் முழங்காலில் மொய்த்தன!

“ஐயையோ, குத்துதே!”

வேட்டியைத் தூக்கி உதறினார். முழங்காலில் கட்டிய காந்தம் ஊருக்கே தெரிந்தது. சிவகாமி பழத்தை அரிந்தாள். உள்ளே ஆணி.

“எல்லாம் க்ளெமான் குடுத்த கமிஷன்!” என்று சாமியார் அலறினார். க்ளெமானைக் காணோம்.

“அந்த ஆணியைத் தாயத்துக்குக் குடுப்பீங்களா?” என்று எவெலின் கேட்டாள்.

நாகலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். அத்தோடு நின்றாரா? சிவகாமியை நோக்கிக் கைகூப்பினார். “தாயே, அருள் உங்ககிட்டதான் இருக்கு! எந்த பிரேக் போடலாம்னு நீங்களே சொல்லுங்க!”

“காலி வண்டியில மாட்டி, இங்கயே சமதரையில மிதிச்சுப் பாருங்கய்யா! பழத்துக்குள்ள ஆணியாவது இருந்துச்சு. உங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு இன்னிக்காச்சும் தட்டிப் பாருங்க!”