மூன்று இடைஞ்சல்கள் நீக்கப்பட்டன

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, தங்கை மூவரும் சுகம். நான் சுகமில்லை, ஆனால் அது உடம்பு சம்பந்தப்பட்டதல்ல. நீங்களும் சித்தியும் நலமா என்று கேட்பதுதான் முறை. சித்தி போனில் என்னைத் திட்டிய வேகத்தை வைத்துப் பார்த்தால் அவர்களுக்கு மூச்சு, நெஞ்சு, தொண்டை எதிலும் ஒரு குறையும் இல்லை. இதையும் போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் போனைச் சித்தி எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பேப்பரை எடுத்தேன்.

விஷயம் நான் எடுத்துக் கொடுத்த அந்த குரூப் போட்டோதான்.

நீங்கள் பாய்லர் பார்க்கிற லாண்டரி கம்பெனியின் வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கும் படத்தில் நீங்கள் இல்லை. சித்தி அதன் முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றித் துடைத்து மறுபடி பார்த்து, "எங்கங்க உங்களைக் காணோம்?" என்று கேட்டதும், நீங்கள் "பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணும்போது அழிஞ்சிருக்கும்" என்று சொன்னதும், உடனே அவர்கள் எனக்குப் போன் போட்டு "உயிரோட இருக்கிற மனுஷனை அழிச்சிட்டியேடா, கட்டையில போறவனே!" என்று ஆரம்பித்ததும் உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுக்கிறார்கள், பாய்லரை விட்டு வர முடியாது என்று நீங்கள் ஒன்றில்கூட நின்றதில்லை. அடுத்த மாதம் ஓய்வு. இது ஒன்றுதான் கடைசி வாய்ப்பு. அதற்காக வேறு ஆளைப் பாய்லரில் நிற்க வைத்துவிட்டு, யூனிஃபார்மை நீங்களே இஸ்திரி போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தீர்கள். அந்தப் படத்தில் நீங்கள் நின்ற இடத்தில் இப்போது சுவர் இருக்கிறது.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறவன், கேமரா என்பது ஆசைக்கு. எடுக்கிற படமெல்லாம் எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாமல், நாயைத் தேடினால் கல்யாணமும் கல்யாணத்தைத் தேடினால் நாயும் கிடைக்கிற நிலைமை. அதனால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது என்று முடிவு செய்து, ஒரு புது சாஃப்ட்வேரைப் போட்டு, படிப்படியாகத் திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கார்டைச் செருகினால் படங்கள் தானாக உள்ளே போகும், கார்டு தானாகக் காலியாகும், கண் மூடியதும் ஆடிப்போனதும் தானாகக் கழியும், எல்லோரும் சிரிக்கிற படமாகப் பார்த்து ஒன்றைத் தானாகப் பொறுக்கும், வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகச் சரிசெய்யும், படத்தில் இடைஞ்சலாக இருக்கிற பொருள்களைத் தானாக நீக்கும், கடைசியில் அனுப்ப வேண்டியவர்களுக்குத் தானாக அனுப்பிவிட்டு, இடம் அடைக்கிறதே என்று அசல் படங்களை அழித்துவிடும். தங்கை வந்து சுவரைப் படித்துவிட்டு, "ஏண்ணா, இதுல படத்தைப் பார்க்கிறது எத்தனாவது படி?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன் கம்ப்யூட்டரை விடவா மோசம்?" என்றேன். பாழாய்ப்போன கேள்வி, சித்தப்பா. படத்தைப் பார்ப்பது என்கிற படி மட்டும் அதில் இல்லை.

சித்தி போனை வைத்ததும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். உங்கள் கம்பெனிப் படத்துக்கு நேரே பச்சை நிறத்தில், ஏதோ பரிசு விழுந்த மாதிரி, எழுதியிருந்தது: 'மூன்று இடைஞ்சல்கள் நீக்கப்பட்டன.' படத்தில் யார் யார் இல்லை என்று பார்த்தேன். நீங்கள், டீ போடுகிற அக்கா, கூட்டிப் பெருக்குகிற பெரியவர். சரியாக மூன்று பேர்! டை கட்டினவன் ஒருத்தனும் இடைஞ்சல் இல்லையாம். ஊரில் இருக்கிற ஓட்டல் போர்வை, ஆஸ்பத்திரி விரிப்பு அத்தனைக்கும் உங்கள் நீராவி வேண்டும், உங்கள் மூஞ்சி மட்டும் வேண்டாமா? கறை படிந்த உடுப்புப் போட்டவன் குப்பை என்று அந்தச் சனியனுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து இதைச் செய்தவனை நேரில் பார்த்தால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்பேன். கார்டையும் காலி பண்ணியாச்சு, அசலும் போச்சு, பிடிச்சுக் கேக்கறதுக்கு ஆளும் இல்ல.

சரி, திரும்ப ஒட்டிவிடலாம் என்று உங்கள் படம் ஒன்றைத் தேடினால், என்னிடம் இருப்பது பனியனோடு பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற ஒன்றுதான். பிரஷ்ஷை எடுத்தேன், கூடவே உங்கள் வாயில் பாதி போய்விட்டது. வாயைச் சரிசெய்தால் நீங்கள் கணக்குப்பிள்ளை மாதிரி சிரிக்கிறீர்கள். பனியனுக்கு மேல் வேறு ஒருத்தர் சட்டையை மாட்டினால் உங்களுக்கு மூன்று கை. எப்படியோ பாடுபட்டு ஒரு மனுஷனாக்கி இரண்டாவது வரிசை ஓரத்தில் நிறுத்தினேன். உடனே அந்தச் சாஃப்ட்வேர் உங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இடைஞ்சல் கண்டறியப்பட்டது, நீக்கவா?" என்று கேக்குது! எனக்கு வந்த ஆத்திரத்துல மவுஸைத் தூக்கி அடிச்சேன். அது அம்மா மேல பட்டு, அம்மா ஒரு பக்கம் திட்ட ஆரம்பிச்சாங்க.

வேறு வழியில்லாமல் மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு உங்கள் கம்பெனிக்கே போனேன். மானேஜரைப் பார்த்து, "சார், அந்தப் படத்தை இறக்கிடுங்க, அதுல தப்பு இருக்கு" என்றேன்.

"என்ன தப்பு தம்பி? நீட்டா வந்திருக்கே!"

"மூணு பேர் இல்ல சார்."

"எந்த மூணு பேர்?"

சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அட, கம்ப்யூட்டர் தூக்கிடுச்சா! இந்தக் காலத்து மெஷினை நம்பவே முடியறதில்ல தம்பி. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்து, டீ கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தது அந்த அக்காதான். என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியல. "அக்கா, மன்னிச்சிடுங்க, என் கம்ப்யூட்டர்தான் உங்களை அழிச்சிடுச்சு"ன்னேன். அவங்க மானேஜரை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம், "சக்கரை போதுமா தம்பி?"ன்னாங்க. அவ்வளவுதான்.

ஆக, சித்தப்பா, குற்றம் முழுக்க என்னுடையது, என் ஒழுங்கினுடையது. இருபது பேர் நடுவில் உங்களை ஒரு தடவை நிற்க வைக்க எனக்குத் துப்பில்லை. சுவரில் ஒட்டியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கோபம் இறங்கின பிறகு சொல்லுங்கள். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். சித்தியின் ஆசியை இப்போதைக்கு வற்புறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
தலை காட்ட முடியாத
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது தங்கை வந்து, "என்னண்ணா இவ்வளவு நீளமா? அசல் படமா? என்கிட்ட இருக்கே!" என்கிறாள். அவள் எடுத்த பூனைப் படங்களும் அதே கார்டில் இருந்ததாம், என் திட்டத்தை நம்பாமல் மொத்தத்தையும் முதலிலேயே தன் பக்கம் இறக்கி, 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பெயரில் போட்டு வைத்திருக்கிறாள். திறந்தோம். சாஃப்ட்வேர் நீக்கிய மூன்று இடைஞ்சல்கள்: ஒரு வாளி, என் விளக்கின் வயர், ஜன்னலில் இருந்த ஃபிளாஸ்க். ஒரு மனுஷனையும் அது தொடவில்லை.

அன்றைக்குக் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தானாக எடுத்துக்கொண்டே இருக்கும்படி விட்டுவிட்டு, நான் உங்கள் பக்கம் திரும்பாமல் சாய்ந்து விழுகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன் இல்லையா? அது எல்லாத்தையும் எடுத்திருக்கு. ஒரு படத்துல நீங்க மூணு பேரும் இரண்டாவது வரிசையில நிக்கிறீங்க. நீங்க காலர் பட்டன்கூடப் போட்டிருக்கீங்க. அடுத்ததுல மானேஜர் திரும்பி, விலகச் சொல்லி உங்க பக்கம் கையை நீட்டியிருக்கார். அவர் யாரைச் சொல்றாருன்னு நீங்க பின்னாடி திரும்பிப் பார்க்கிறீங்க, சித்தப்பா. அதுக்கடுத்ததுல உங்க முதுகு. அதுக்கும் அடுத்ததுல மத்தவங்க நெருக்கமா நகர்ந்து நின்னு, எல்லாரும் சிரிக்கிறாங்க. சாஃப்ட்வேர் பொறுக்கினது அதைத்தான்.

நீங்க ஏன் சொல்லலன்னு கேக்கமாட்டேன். "போகச் சொல்லிட்டாங்க"ன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு "கம்ப்யூட்டர் அழிச்சிடுச்சு" எவ்வளவோ தேவலைதான். பழி என் மேலேயே இருக்கட்டும்னாலும் இருக்கட்டும், சித்தி திட்டு எனக்குப் பழக்கம். ஆனா அந்தக் கை நீட்டுற படத்தைத் திறந்து வெச்சிருக்கேன். நிறத்தைத் திருத்தல, ஓரத்தை வெட்டல. அதை ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு உங்க கம்பெனி வரவேற்பறைக்கு அனுப்பட்டுமா? சித்தி தூங்குற நேரமா பார்த்துக் கூப்பிட்டு, 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. 'வேண்டாம்டா, விட்டுடு'ன்னு சொல்றதா இருந்தா, தயவுசெய்து கூப்பிடாதீங்க.