பக்கவாட்டில் போன கார் நேராகப் போகத் தொடங்கிய விவரம்

குகட்பள்ளி, ஹைதராபாத்.
புதன்கிழமை, பிற்பகல்.

திருச்சி தில்லைநகர் ஸ்ரீ ஜெயராம் அவர்களுக்கு, ராமசுவாமி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மனைவி கல்பகமும் பெண் நித்யஸ்ரீயும் தேக சௌக்கியத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். தங்கள் முழங்கால் இப்போது நாலு படி ஏறும் அளவுக்கு மடங்குகிறது என்று அறிந்து சந்தோஷம். அந்த முழங்காலினால்தான் சென்ற ஞாயிறு தாங்கள் பெண் பார்க்க வர முடியாமல், தங்கள் மனைவி மைதிலி மாமி மட்டும் ரயிலேறி வந்தார். அன்று நடந்ததை மாமி ஒன்று விடாமல் சொல்லியிருப்பார். எங்கள் தரப்பையும் கேட்டுவிட்டுத் தாங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பெண்ணிடம் ஒரு கார் இருக்கிறது என்று போனில் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டீர்கள், நீலம் என்றேன். அதோடு விட்டுவிட்டேன். அது ட்ரிஃப்ட் கார். வளைவில் கார் வழுக்கிவிடக் கூடாதே என்று ஊர் உலகம் கவலைப்படும். இதில் வழுக்குவதுதான் வித்தை. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, வண்டி இன்னொரு பக்கம் போகும், பின்சக்கரங்களிலிருந்து ஹோமகுண்டம் மாதிரி புகை வரும். மூன்று வருஷம் இப்படி ஓட்டிய பெண், ஐப்பசியில் ஒருநாள், "இனிமே சைடா போறதெல்லாம் நக்கோ பா. நேரா ஓட்டப் போறேன்" என்றாள். ஆபீசுக்கு ஓட்டிப் போகப் போகிறாள் என்று நினைத்து நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மறுவாரம்தான் தெரிந்தது, நேராக என்றால் பந்தயத் தடத்தில், நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு, மணிக்கு இருநூறு கிலோமீட்டர். ஏம்மா இந்த மாற்றம் என்று கேட்டேன். "ட்ரிஃப்ட்ல மூணு பேர் உட்கார்ந்து, அழகா இருந்துதான்னு பார்த்து மார்க் போடறா பா. பொண்ணு பார்க்கற மாதிரி. சர்க்யூட்ல கடிகாரம் மட்டும்தான். அதுக்கு மூஞ்சி கிடையாது" என்றாள். இது நியாயமா? நீங்களாவது சொல்லுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம் பட்டறையாகிவிட்டது. யாதகிரி என்று ஒரு மெக்கானிக், தங்கமான மனுஷன், ஆனால் எதைக் கேட்டாலும் "பரேஷான் நக்கோ சார், அயிப்போத்துந்தி" என்பார், அதாவது கவலை வேண்டாம், முடிந்துவிடும் என்று. வழுக்குவதற்காக வைத்திருந்த நீளமான கைப்பிரேக்கைக் கழற்றினார். கண்டபடி திரும்பும் ஸ்டீயரிங்கை அடக்கினார். பின்னிருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் கூண்டு கட்டினார். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுற்றட்டும் என்று முன்பு யாரோ, அவற்றைத் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலை வெல்டிங்கில் பற்றவைத்திருந்தார்கள். அதற்கு மாற்று மட்டும் புனேயிலிருந்து வந்து சேரவில்லை. இதில் என் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். முப்பத்தொரு வருஷம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். முன்சக்கரங்களின் சாய்மானம் இடப்பக்கம் அரை டிகிரி அதிகமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி காய்கறி வாங்கப் போக முடியுமா? ரசமட்டத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பொண்ணைக் கண்டிக்கச் சொல்லி அனுப்பினா, சக்கரத்துக்கு ஜாதகம் கணிச்சிண்டு உட்கார்ந்திருக்கேளே!" என்று கல்பகம் மாடியிலிருந்து கத்தியது அடுத்த பிளாக்குக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தங்கள் பிள்ளை கௌஷிக்குக்கு ஆபீசில் அவசர வேலை, நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அமீர்பேட்டில் அவர் அறையில் இருந்த மாமியை நானே அழைத்துவருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கிளம்பிச் சாவியைத் திருப்புகிறேன், என் காரில் சத்தமே இல்லை. பேட்டரியை யாதகிரி கழற்றி நித்யா காரில் மாட்டியிருந்தார். வாடகைக் கார் மூன்று முறை வருவதாகச் சொல்லி மூன்று முறையும் வரவில்லை. மணி பத்தேகால். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்ற நித்யா, "நானே போய் ஆன்ட்டியைக் கூட்டிண்டு வந்துடறேன். டென்ஷன் ஆகாதே பா" என்று போயேவிட்டாள். அந்தக் காரில் இரண்டே இருக்கை, நான் கூடப் போகவும் வழியில்லை.

அரைமணியில் கார் வந்தது. வரும்போதே தெருவுக்கே தெரிந்தது, ஏனென்றால் பற்றவைத்த டிஃபரன்ஷியல் மெதுவாகத் திரும்பும்போது சும்மா இருக்காது. டயர் கிறீச்சிடும், வண்டி தவளை மாதிரி தத்தும். மாமியை ஆறு வார் கொண்ட பெல்ட்டில் கட்டி உட்கார வைத்திருந்தாள். உள்ளிருந்து கதவு திறக்க வராது என்பதால் நித்யா சுற்றி வந்து வெளியிலிருந்து திறக்கப் போனாள். அதற்குள் மாமி, இறங்குவதற்கான பிடி என்று நினைத்து, எதிரே இருந்த சிவப்புக் கைப்பிடியை இழுத்துவிட்டார். அது தீயணைப்புக் கருவியின் கைப்பிடி. பந்தய விதிப்படி பொருத்தியது, தரமான கருவி, ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. குங்குமச் சிமிழோடு வாசலில் நின்ற நானும் கல்பகமும் பார்த்தபோது, பாலபிஷேகம் நடக்கும் அம்பாளைப் போல மாமி நுரைக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது. அதே நேரம் வந்து இறங்கிய தங்கள் பிள்ளை, "அம்மா!" என்று ஓடிவந்தார், அம்மாவைத் துடைத்துவிட்ட கையோடு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாமி குளித்து, கல்பகத்தின் புடவையைக் கட்டிக்கொண்டு, காபி குடித்தார். சொஜ்ஜியைத் தொட்டும் பார்க்கவில்லை. "ஊருக்குப் போய்ட்டுச் சொல்றேன்" என்றார். வேறொரு வார்த்தை இல்லை. அவர்கள் போன பிறகு நித்யா பட்டுப்புடவையோடு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "எவ்ளோ மார்க் பா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஆகவே ஐயா, நான் முடிவு செய்துவிட்டேன். காரை விற்க விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. யாதகிரியை இனி வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மூன்று நாளாக நித்யா என்னோடு பேசவில்லை, பரவாயில்லை. பெண் நல்ல பெண். காரை மட்டும் மன்னித்து, பெண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும். மாமிக்கு எங்கள் மன்னிப்பையும் நமஸ்காரத்தையும் சொல்லவும். தங்கள் முழங்காலுக்கும் மனசுக்கும் அந்த உச்சிப்பிள்ளையார் தெம்பு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ராமசுவாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மைதிலி மாமியிடமிருந்து போன் வந்தது. "மாமா, பந்தயம் என்னிக்கு?" என்றுதான் ஆரம்பித்தார். "எங்காத்து மாமாகிட்ட நான் மூச்சு விடலை. ஏசி கார்ல போனேன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் உளறிடாதீங்கோ. முப்பது வருஷமா அவர் ஓட்டற வண்டியில உட்கார்ந்திருக்கேன், முப்பதைத் தாண்டினதில்லை. அன்னிக்குப் போனதுதான் போனது! கல்யாணத்தைத் தையில வெச்சுக்கலாம், இப்ப வெச்சா பொண்ணுக்குப் பிராக்டிஸ் கெட்டுடும். கௌஷிக் மூணு நாளா லீவு போட்டுட்டு அங்கேதானே இருக்கான்?" என்றார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நீலக் காருக்கு அடியில் மூன்று ஜோடிக் கால்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை என்பதால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். மேலே உள்ளது எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். ஒரே ஒரு உதவி. தடத்தில் ஒரு சுற்று உட்கார மாமிக்கு ஹெல்மெட் வாங்க வேண்டுமாம். அவர் தூங்கும்போது தலையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து அனுப்பவும். கொண்டையைச் சேர்க்க வேண்டாம் என்று நித்யா சொல்கிறாள்.