ஒரு புள்ளி கூட்டாமல், ஒரு புள்ளி குறைக்காமல்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே என் மனைவி, மகள், என் முதுகுவலி உட்பட எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும், அத்தானும், அத்தானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தின் வாசகம்தான் என்னுடையது. அதைப் பார்த்து அழகாக நகல் எடுத்திருப்பது என் மகள், உங்கள் மருமகள். எழுத்தைப் பாருங்கள், கோடு போடாத தாள் அக்கா இது. நீங்கள் அனுப்பிய மழைக்கோட்டுக்கு இவள் பெயரில் ஒரு நன்றிக் கடிதம் வந்ததே, அதைப் பார்த்துவிட்டு, "இது எழுத்தாடா, கோழி கிளறின குப்பையாடா?" என்று ஃபோனில் கேட்டீர்கள். "பக்திப் புத்தகம் ஒண்ணு அனுப்புறேன். தினம் ஒரு பக்கம் பார்த்து எழுதட்டும். கையும் திருந்தும், மனசும் திருந்தும். இருக்கறத இருக்கற மாதிரியே எழுதணும். ஒரு புள்ளி கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. வருஷ லீவுக்குள்ள திருந்தலைன்னா என்கிட்ட அனுப்பிடு, இங்கயே படிக்கட்டும்" என்றும் சொன்னீர்கள். தலைமை ஆசிரியையாக இருந்தவர் சொன்ன பிறகு மறுபேச்சு உண்டா? (கண்ணு, அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அப்பா உனக்குச் சொல்வது. நகலில் வரக்கூடாது. இந்த இடத்தில் அத்தையைப் புகழ்ந்து இரண்டு வரி வேண்டும். இப்போதைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இடம் விட்டுவை.)

முறை நல்ல முறைதான். பலன் கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடுதான் கொஞ்சநஞ்சமல்ல. முதல் மாதம் நிலையாமை அத்தியாயம். "போனவர் வருவதில்லை, இருப்பவரும் தங்குவதில்லை, அழுது ஆவதென்ன" என்று ஒரு பக்கம் முத்து முத்தாக எழுதிவிட்டாள். என் மனைவி பெருமை தாங்காமல் அதைக் கொண்டுபோய் வாசல் கதவில் ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள், மாடியில் குடியிருக்கும் ரிட்டையர்டு தபால்காரர் இறங்கி வந்தவர் அதைப் படித்திருக்கிறார், மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்துக்கூடப் படியில பார்த்தேனேம்மா, நல்லாத்தானே இருந்தார்" என்று ஆரம்பித்துவிட்டார், யாரைச் சொல்கிறார் என்று இவள் முழிக்க, அந்த நேரம் பார்த்து நான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வர, அவர் அப்படியே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு படி தள்ளித்தான் நிற்கிறார்.

அடுத்தது ஈகை அத்தியாயம். நான் பார்சல் ஆபீஸில் முகவரிச் சீட்டு எழுதுகிறவன், உங்களுக்குத் தெரியும். வீட்டில் தாள் தீர்ந்துபோனதென்று இவள் என் பையிலிருந்த வெற்றுச் சீட்டை எடுத்து, "கேட்பவர் யாராயினும் இல்லையென்னாது கொடு" என்று எழுதி அங்கேயே வைத்துவிட்டாள், அது எப்படியோ ஒரு பார்சலில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது, கவுண்ட்டரில் இருப்பவர் புதுசு, மேலிடத்து உத்தரவு என்று நினைத்து, முதலில் வந்து கேட்டவரிடம் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்தது யாரோ ஒருவருடைய தையல் மிஷின். திரும்ப வாங்குவதற்குள் எனக்கு உன்பாடு என்பாடு என்றாகிவிட்டது. மானேஜர் கூப்பிட்டார். சீட்டு கிழிந்தது என்றே போனேன். அவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை வருஷத்துல உங்க மேஜையிலேருந்து வந்ததுல நான் தடுமாறாம படிச்ச சீட்டு இதுதான்யா. யார் எழுதினது?" என்றார். மகள் என்றேன். "குடுத்துவெச்சவரு" என்று அனுப்பிவிட்டார். (கண்ணு, இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேள். என் எழுத்தைப் பற்றி அத்தைக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது.)

ஆக, அக்கா, எழுத்துத் திருந்திவிட்டது. இனி இவளை அங்கே அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களுக்கு எதற்குச் சிரமம்? பள்ளிக்கூடமும் இங்கே பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் நான் பூட்ஸைக் கழற்றுவதற்குள் அன்றைக்கு எழுதிய பக்கத்தைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டுவாள். இவள் போய்விட்டால் நான் வேலை முடிந்து எதற்காக வீட்டுக்கு வர வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை அக்கா. (மேலே கடைசி வரியை அடித்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு மேற்கொண்டு எழுது.)

லீவுக்கு நீங்களே வந்து நேரில் பாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். (இரண்டு நாள் என்று எழுதினால் அத்தை கோபித்துக்கொள்வாள். மூன்றாம் நாள் நான் எங்கே போய் உட்காருவது என்றுதான் தெரியவில்லை.) அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி

(எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. நீயே உறையில் போட்டு ஒட்டிவிடு.)

பி.கு.: அத்தை, இது நான். இருப்பதை இருப்பதுபோலவே எழுதியிருக்கிறேன், அடைப்புக்குள் இருந்ததையும் அடித்ததையும் விடவில்லை. அப்பா எழுத்தைப் படிப்பது கஷ்டம். அந்த அடித்த வரி மட்டும் தெளிவாக இருந்தது, அதை மெதுவாக எழுதியிருக்கிறார்.

மழைக்கோட்டுக்கு வந்த நன்றிக் கடிதம் நான் எழுதியதில்லை. அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன் என்று அப்பாவே எழுதிப் போட்டார். என் எழுத்து முன்பும் இப்படித்தான் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அதனால் நானும் சொல்லவில்லை. அம்மா இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்ப நான் இந்த வீட்டுல எதுக்கு இருக்கேனாம்?" என்று கேட்டுவிட்டு, தானே பசை எடுத்துக் கொடுத்தார்.

நியாயப்படி எழுத்துத் திருந்த உங்களிடம் அனுப்ப வேண்டியது அப்பாவைத்தான். அனுப்புகிறோம். ஆனால் நானும் கூட வர வேண்டியிருக்கும். அடித்த வரியில் அப்படித்தான் இருக்கிறது.