அறுபத்தோராவது நம்பர்

தாம்பரத்துக்குத் தெற்கே அவனைப் போலப் பொய் சொல்லத் தெரியாத மனிதன் ஒருவன் பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் எங்கள் வகுப்பில் வந்து சேராமல் இருக்கட்டும் என்று அந்த நாட்களில் வேண்டிக்கொண்டோம். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ரெஜிஸ்டர்.

இரண்டாயிரத்துக்குச் சில வருஷங்கள் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பி.ஏ. வரலாறு. அந்த வருஷம் எங்கள் கல்லூரியில் ஒரு புதுத் திட்டம். அறிவுத்திறன் குறைபாடு உள்ள நான்கு பேர், வகுப்புக்கு ஒருவராக, எங்களோடு உட்கார்ந்து படிப்பார்கள். பரீட்சை கிடையாது. ஆளுக்கு ஒரு வகுப்புத் தோழன் துணையாக இருக்க வேண்டும். துணைக்கு வருகிறவனுக்கு அட்டெண்டன்ஸில் சலுகை உண்டு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். என் அட்டெண்டன்ஸ் அதல பாதாளத்தில் கிடந்தது. முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். எனக்கு வாய்த்தவன் ரெஜிஸ்டர்.

பீர்க்கன்கரணைக்காரன், எங்களைவிட மூன்று வயது மூத்தவன். அவனுடைய அம்மா மீன் விற்பவர். முதல் நாள் அவனைக் கொண்டுவந்து விடும்போது என்னிடம் சொன்னார்: "எம்புள்ள மெதுவாத்தான் படிக்கும் தம்பி. ஆனா பொய் மட்டும் சொல்லாது."

அந்த அம்மா எச்சரித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எழுத, படிக்க அவனுக்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஒரே வாரத்தில் அறுபது பேரின் நம்பரும் முகமும் மனப்பாடம். வராதவனுக்காக வந்தவன் குரல் கொடுப்பது எங்கள் வகுப்பின் குலதர்மம். வரலாற்று சார் பாடம் முடிந்த பிறகு, தலையைத் தூக்காமல் நம்பர் கூப்பிடுவார்.

"நாற்பத்தொண்ணு?"

"ப்ரெசென்ட் சார்!"

ரெஜிஸ்டர் எழுந்து நிற்பான். "சார், நாப்பத்தொண்ணு வர்ல. கேன்டீன்ல பஜ்ஜி துன்னுகினு கீறான்."

"அப்ப குரல் குடுத்தது யாரு?"

"முப்பத்தெட்டு சார்."

நாற்பத்தொன்று விவரமானவன். ரெஜிஸ்டரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் இரண்டு பிளேட் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தான். மறுநாள் ரெஜிஸ்டர் எழுந்தான்.

"சார், நாப்பத்தொண்ணு இன்னிக்கும் வர்ல. அத்த சொல்லக் கூடாதுன்னு பஜ்ஜி வாங்கிக் குடுத்தான். பஜ்ஜி நல்லா இருந்துச்சு சார்."

துணைவன் என்று என்னையும் விட்டுவைக்கவில்லை. மூன்றாவது மாடியில் மதிய வகுப்பு. மின்விசிறி அரைத்தூக்கத்தில் சுற்றும். ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்தில், வெயிலில் திருநீர்மலை மிதப்பது போலத் தெரியும். எங்கோ மின்சார ரயில் கூவும். சார் முகலாயர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். முகலாயர்கள் மெல்ல மெல்லக் கரைந்து போவார்கள். நான் மலைப்படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பன்னெண்டு?"

"ப்ரெசென்ட் சார்" என்றேன்.

"சார், பன்னெண்டு வர்ல."

"உன் பக்கத்துலதானேப்பா உக்காந்திருக்கான்?"

"உடம்புதான் சார் கீது. ஆளு மலைக்குப் போய்ட்டான்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். மலையைப் பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பதிமூன்றாம் நம்பர் தயாராகக் காத்துக்கொண்டிருந்தான்.

"சார், நீங்களும் வர்ல" என்றான் ரெஜிஸ்டர்.

ஆனால் அவனுக்கும் ஒரு குறை இருந்தது. அறுபதோடு சார் நோட்டை மூடிவிடுவார்.

"சார், என் நம்பரு?"

"பரீட்சை எழுதறவங்களுக்குத்தாம்பா நம்பர்."

தினமும் கேட்பான், தினமும் இதே பதில். அதன் பிறகு தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு பேசாமல் நடந்து வருவான். ஒரு நாள் மட்டும் சப்வே வாசலில் நின்று கேட்டான்.

"நம்பரு இல்லன்னா, நான் வந்தனா வர்லயான்னு யாருக்கு மச்சான் தெரியும்?"

அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். மறுநாள் வகுப்பே திரண்டு சாரிடம் போனது. முன்னால் நின்று பேசியவன் நாற்பத்தொன்று. சார் ஆபீசுக்கு நடந்தார், மனு எழுதினார், மறுபடியும் நடந்தார். ஆபீசில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் கண்ணெதிரே, அறுபதுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தன் கையெழுத்தில் அவன் பெயரை எழுதினார். "கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நாளையிலேர்ந்து கூப்பிடறேன்பா" என்றார்.

அன்று ராத்திரி பிடித்த மழை விடவில்லை. பீர்க்கன்கரணையில் ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் தண்ணீர். அவனால் வர முடியவில்லை.

"அறுபத்தொண்ணு?" என்றார் சார்.

மழையில் நனைந்து வந்திருந்த இருபத்து மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். "ப்ரெசென்ட் சார்!"

சார் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். எங்கள் வாழ்நாளின் தலைசிறந்த ப்ராக்ஸி அது.

மூன்று நாள் கழித்து வந்தான். கேட்டிலேயே மடக்கி, பெருமையாகச் சொன்னேன். அவன் முகம் மலரவில்லை.

"அறுபத்தொண்ணு?"

எழுந்தான்.

"சார், மழ அன்னிக்கு நான் வர்ல. தப்பா போட்டுகீறீங்க. அத்த அடிச்சிருங்க."

"இருக்கட்டும்பா. உம்மேல ஆசையில சொன்னாங்க."

"நான் வூட்டாண்ட தண்ணி எறைச்சிக்கினு இருந்தேன் சார். அப்ப இங்க குந்திக்கினு இருந்தது யாரு?"

சார் பேனாவை எடுத்து அடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் கூப்பிட்டார்.

"அறுபத்தொண்ணு?"

"வந்துட்டேன் சார்!"

ஜன்னல் விளிம்பில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்கள் பறந்துபோயின.

இப்போது அவன் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் வேலை பார்க்கிறான். எத்தனையோ மீட்டிங்குகளில் நான் உடம்பை மட்டும் நாற்காலியில் விட்டுவிட்டு அந்த மலைக்குப் போய்விடுகிறேன். கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை. போன மாதம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு அவனைப் பார்க்கப் போனேன். டீ குடித்தோம். கிளம்பும்போது என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னிக்கு முழுசா வந்துகீற மச்சான்" என்றான்.

அவன் பொய் சொல்ல மாட்டான்.