மழைக்காலத்தில் நான் அடி வாங்கிய கதை

மலேசியாவில் குளிர்காலம் கிடையாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவர் டிசம்பர் மழையில் ஜாசினில், வாழைப்பழம் பொரித்து விற்கும் பிசாங் கோரேங் வண்டியைத் தாண்டி நடந்து பார்த்ததில்லை. மழை பெய்தால் எனக்குக் குளிரும். குளிர்ந்தால் பசிக்கும். (இதில் என் குற்றம் என்ன, சொல்லுங்கள்.)

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலம். தீபாவளி முறுக்கு டின்கள் காலியாகவில்லை, மாலையில் நடக்கப் போகும் திடலோ குளமாகிவிட்டது. கால்சட்டைக்குள் நான் நுழைவதே தினசரிப் போராட்டமானது. கிளினிக் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் மனைவி கவிதாவிடம் பேசினார். அன்றே என் சுதந்திரம் முடிந்தது.

கவிதா பாலர் பள்ளி ஆசிரியை. தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்கிற குரல். தினமும் மாலையில் ஹாலில் எனக்கு உடற்பயிற்சி. கைப்பேசியில் வீடியோ ஓடும். அவள் மர ரூலரால் மேசையில் தாளம் தட்டுவாள். "படுங்க. எழுந்திரிங்க. இன்னொண்ணு." நான் தொப்பென்று விழுவேன். "ஐயோ அம்மா, முடியல கவிதா, விட்டுடு" என்று அலறுவேன். பிறகு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் இரவு உணவு.

நாங்கள் இருந்தது பழைய அடுக்குமாடி வீடு. எங்கள் தரைதான் முனியாண்டி அண்ணனுக்குக் கூரை. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இளகிய மனசு. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது படிக்கட்டடியில் காத்திருந்து, தோளில் கை போட்டு, எதிரில் பரோட்டா போலச் சுடச்சுட வீசிப் போடும் ரொட்டி சானாய் கடைக்கு அழைத்துப் போனார்.

"தினமும் நடக்குதா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

சத்தம் கீழே கேட்டிருக்கும், பயிற்சியைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "தினமும்தான் அண்ணே. ஞாயித்துக்கிழமைகூட விடறதில்ல."

"வலிக்குமே லா."

"முதுகும் தொடையும்தான். பரவால்ல, என் நல்லதுக்குத்தானே செய்யறா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் இரண்டு ரொட்டி கொண்டுவரச் சொன்னார். பட்டினி கிடப்பவனின் வேதனை புரிந்த மனிதர் என்று நான் நெகிழ்ந்து போனேன். அதன்பின் தினமும் எனக்கு ரொட்டி, பருப்புக் குழம்பு, நுரை பொங்க ஆற்றிய கெட்டிப் பால் தேநீராக ஒரு தே தாரேக். எதுவுமே சாப்பிடாத முகத்தோடு வீட்டுக்குப் போய் வெள்ளரிக்காய் கடிப்பேன்.

எடை ஏறிக்கொண்டே போனது. கவிதா எடை இயந்திரத்தைச் சந்தேகித்துப் புதிதாக ஒன்று வாங்கினாள். அதுவும் அதையே சொன்னதால் பயிற்சி நேரத்தைக் கூட்டினாள். என் அலறலும் கூடியது.

ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல மழை. நான் தரையில் குப்புறக் கிடந்தேன். கதவு தட்டப்பட்டது. கவிதா ரூலரும் கையுமாகப் போய்த் திறந்தாள். வெளியே முனியாண்டி அண்ணன், அவர் மனைவி லெட்சுமி அக்கா, நனைந்த குடையோடு கோயில் தலைவர். மூவரும் ரூலரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

தலைவர் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "குடும்பம்னா ஆயிரம் இருக்கும்மா. அதுக்காகப் புருஷனை அடிக்கலாமா?"

கவிதாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அடிக்கவில்லை, இது உடற்பயிற்சி என்று அவசரமாகச் சொன்னேன். மூச்சு வாங்கியதில் குரல் நடுங்கியது. எவ்வளவு பயந்து போயிருக்கிறான் பாருங்கள் என்று லெட்சுமி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இருக்கிறோம், தைரியமாகப் பேசு என்றார் தலைவர். நான் மனைவியை எவ்வளவு புகழ்ந்தேனோ, அவர்களுக்கு அவ்வளவு பரிதாபம் பெருகியது.

அப்போதுதான் கவிதாவைக் கவனித்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. ஊரார் நம்பித் தங்கள் பிள்ளைகளை விடுகிற ஆசிரியை. இந்தப் பேச்சு வெளியே போனால் என்ன ஆகும்? வீடியோவை மறுபடி போட்டேன். மூன்று பேர் முன்னிலையில் உட்கார்ந்து எழுந்தேன், படுத்து எழுந்தேன். கொஞ்ச நேரத்தில், நான் முயற்சி செய்யாமலேயே, "ஐயோ அம்மா, விட்டுடு" என்று வந்தது.

"அதே சத்தம்தான்," என்றார் அண்ணன்.

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா கவிதாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். அண்ணன் மட்டும் நிம்மதியில் வாயை விட்டுவிட்டார். "அப்ப சோறு போடாம வெக்கிறதும் இல்லையாம்மா? பாவம், பசியில தினமும் கடையில நாலு ரொட்டி சாப்பிடுதே தம்பி."

கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலா?" என்றாள்.

மறுநாளிலிருந்து பயிற்சி கீழே பொது மண்டபத்துக்கு மாறியது. கண்காணிக்க வந்த அண்ணனும் அக்காவும் வரிசையில் நின்றார்கள்; பிறகு இன்னும் சிலர். நாலு மழைக்காலம் போய்விட்டது, நானும் கொஞ்சம் இளைத்துவிட்டேன். ஆனால் எங்கள் கட்டடத்தில் உடற்பயிற்சிக்கு இன்றுவரை வேறு பெயர் கிடையாது, அடி வாங்குவதுதான். சுங்கை ரம்பாயிலிருந்து போன் செய்யும் என் மாமியாரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதில்லை.

"மாப்ள, நேத்து அடி வாங்கினீங்களா?"

கவிதாவின் குரல் அவரிடமிருந்து வந்ததுதான்; ஆபீசில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கூச்சமில்லாமல் பதில் சொல்வேன்: "வாங்கினேன் அத்தை. உங்க பொண்ணு ஒரு குறையும் வெக்கல."