புகையடக்கியாரின் செம்பு வளையம்

ஊரிலிருந்த கிழட்டுக் கார்களுக்கெல்லாம் அந்த மாதம் நல்ல காலம் பிறந்திருந்தது. புகைச் சோதனை நிலையத்தின் மதிலோரம் புகையடக்கியார் வந்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளை அங்கி, வெள்ளைக் கையுறை, நாலு பழைய டயர்களை அடுக்கிய ஆசனம். முதுகுக்குப் பின்னால் மதிலை மறைத்து ஆளுயர பேனர்: 'புகை அடங்கும், பகை அடங்கும்.' யார் பகை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் அங்கே ஏன் வந்து நிற்கப்போகிறார்கள்?

அவர் தருவது ஒரு செம்பு வளையம். அதைக் காருக்குள் கண்ணாடியில் கட்டிக்கொண்டு, சுற்றுச்சாலையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டவேண்டும். வாய் திறக்கக்கூடாது. எஞ்சினை அணைக்காமல் அப்படியே சோதனைக்கு நுழையவேண்டும். பத்துக் கார் போனால் எட்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மிச்சம் இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் வழியில் பேசியிருப்பார்கள். தும்மினாலும் பேச்சுக் கணக்குதான்.

வளையம் வாங்காதவர்களின் வழக்கம் வேறு. பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, வரிசை நகர நகரக் காரைத் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளி, சிவப்பு விளக்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஊர்த் தையல்காரர் ஒருவர் இப்படி இரண்டு தடவை திரும்பியிருந்தார்.

மூன்றாவது தடவையும் சிவப்பென்றால் காரைப் பிடுங்கி, பழைய வண்டிகளை நசுக்குகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் மனைவி நர்ஸ். படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள். கார் போனால் அந்த வேலையும் போச்சு. அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மனுஷன் வாசலில் காருக்கடியிலேயே குடியிருந்தார். பிளக்குகளை மாற்றினார். அழுக்கேறிக் கறுத்துப்போன காற்று வடிகட்டியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வைத்தார். புகைக்குழாயின் ஓட்டையை, கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிற பொறுமையோடு அடைத்தார். அத்தனையும் செய்துதான் இரண்டாவது சிவப்பு. ஆள் நொந்துபோனார். நொந்த மனசோடு, வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு வளையத்தையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நர்ஸின் தம்பிக்கு வளையத்தால் பச்சை கிடைத்திருந்தது. அவன் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் அதே புராணம். நர்ஸ் நோயாளியை விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்: என்ன செய்தாய், எவ்வளவு நேரம், அப்புறம் என்ன செய்தாய் என்று. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"பையில இருக்கறத எடுங்க."

அவர் திருதிருவென்று விழித்தபடி எடுத்து வைத்தார்.

"காய்ச்சல்காரனுக்கு மாத்திரையும் கொடுத்து மந்திரமும் போட்டா, எதுல இறங்குச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ண விட்டுட்டுப் பாக்கணும். நாளைக்கு இருபது நிமிஷம் ஓட்டுவோம். வளையம் வேண்டாம்."

"தோத்துட்டா வண்டியே போயிடும்," என்றார் அவர்.

"வளையத்தோட ஜெயிச்சா உங்க மூணு ஞாயித்துக்கிழமையும் அந்த ஆளு கணக்குல போயிடும். பரவாயில்லையா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் சுற்றுச்சாலையில் காரை விரட்டினார்கள். வாயை மூடவே இல்லை. வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். வரிசையில் நின்றபோதும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. பின்னால் காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பெட்ரோல் வீணாகிறதே என்று வயிறெரிந்தார்கள்.

நர்ஸ் இறங்கிப் போய்ப் புகையடக்கியாரைப் பணிவாகக் கேட்டாள். "உங்க வேன்ல பன்னெண்டு வளையம் தொங்குதே. அதையும் ஒரு தடவ உள்ள விட்டுக் காட்டுங்களேன். எங்களுக்கும் நம்பிக்கை வரும்."

அவர் முதலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவதாகச் சொல்லிச் சாவியை எடுத்தார். பக்தர்கள் விடுவார்களா? பன்னிரண்டு வளையம் இருக்கும்போது சாவி எதற்கு என்று ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, குளிர்ந்து கிடந்த வேனைச் சோதனைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்தி வந்துவிட்டால் ஐயோ பாவம், சாமியார் பேச்சைக்கூட யாரும் கேட்பதில்லை.

உள்ளே எஞ்சினைப் போட்டதும் கொட்டகை முழுக்கக் கரும்புகை. சிவப்பு விளக்கு.

அடுத்து தையல்காரரின் கார். அதிகாரி குழாயைச் செருகினார். தையல்காரர் பார்க்கமாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி தோளைத் தட்டியபோதுதான் திறந்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட வந்திருந்த நர்ஸின் தம்பி விடவில்லை. வளையமில்லாமல் எப்படி என்று அதிகாரியிடமே மல்லுக்கு நின்றான்.

"புகைக்குழாய்ல நச்சுக் காத்த எரிக்கிற பெட்டி ஒண்ணு இருக்குப்பா. அது நல்லா சூடானாத்தான் வேலை செய்யும். ஆறிக் கிடந்தா அது வெறும் தகரம். வண்டி ஒழுங்கா இருக்கணும், சூடாவும் இருக்கணும், அவ்வளவுதான்," என்றார் அதிகாரி சலிப்போடு. "இதத்தான் வெளிய போர்டுல எழுதி வெச்சிருக்கோம். எவன் படிக்கிறான்?"

"எந்த போர்டு?" என்று கேட்டாள் நர்ஸ்.

அதிகாரி வெளியே வந்து கையை நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டார். கை காட்டிய இடத்தில் ஆளுயர பேனர்தான் இருந்தது. நர்ஸ் போய் அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். பின்னால் மதிலில் பெரிய எழுத்தில் இருந்தது: 'சோதனைக்கு முன் வாகனத்தை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கவும். எஞ்சினை அணைக்காமல் கொண்டு வரவும்.'

வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் அதில் இல்லை. அது புகையடக்கியாரின் சொந்தச் சரக்கு.

கூட்டம் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவர் வேனில் ஏறிவிட்டார். வேன் இருமியது, கிளம்பவில்லை. கையுறைக் கையை ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். இந்தத் தடவை தள்ள ஆளில்லை.

அப்படியும் இரண்டு பேர் அந்த போர்டைப் பார்த்துக் கும்பிட்டார்களாம். என்னத்தைச் சொல்ல! ஐயா, கும்பிடத்தான் இரண்டு கை வேண்டும். பேனரைத் தூக்கிப் பார்க்க ஒரு கை போதும்.