இன்டர்ஃபியர் பண்ணாதீங்க, பப்பா!

உப்பளம், புதுச்சேரி

பேரன்புள்ள ஜோசெத் அக்காவுக்கு, தம்பி பெஞ்சமேன் வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். துலூஸ் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் நடுவில் நடுவில் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம் க்ளெமான்ஸுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது! மாப்பிள்ளை கோபிநாத், மூலக்குளத்துப் பையன், மாட்டாஸ்பத்திரி டாக்டர். இந்துப் பையன் என்று முகம் சுளிக்காதீர்கள், தங்கமானவன். ஆனால் அதற்குள் நடந்த கூத்து இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், க்ளெமான்ஸிடம் முக்கியமாகப் பேசவேண்டும் என்று கோபிநாத் நம் வீட்டுக்கு வந்தான். பெண் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வந்த பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கலாமா? காபி கொண்டுபோனேன், சர்க்கரையை மறந்ததால் மறுபடி போனேன், ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டதால் ஸ்டூல் போட்டு ஏறினேன், ஏறி இறக்கையைத் தொட்டதும் தூசி கட்டியாக அவன் காபியிலேயே விழுந்தது, அதற்காகப் புதுக் காபியோடு போனபோது க்ளெமான்ஸ் எழுந்தே விட்டாள்.

"பப்பா, ப்ளீஸ்! கொஞ்ச நேரம் இன்டர்ஃபியர் பண்ணாம இருங்களேன்!"

பெற்ற மகள், அதுவும் இங்கிலீஷில்! நான் படித்ததோ பிரெஞ்சுப் பள்ளி. அந்த வார்த்தைக்கு எவ்வளவு கோபித்துக்கொள்ளவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அவளுடைய தடித்த அகராதியைப் பிரித்தேன். வேண்டாத இடத்தில் தலையிடுவது என்று முதலில் போட்டிருந்தது. ரேடியோவில் குறுக்கே வரும் இரைச்சலுக்கும் அதே பெயராம். ஆனால் அடியில் பார்த்தால், அக்கா, அது இங்கிலீஷ்காரன் சொத்தே இல்லை! பழைய பிரெஞ்சு, ஒன்றையொன்று அடித்துக்கொள்வது என்று அர்த்தம். ஆதியில் குதிரைக்குச் சொன்னது, நடக்கும்போது ஒரு கால் மறுகாலில் இடித்துக்கொண்டால். யோசித்துப் பாருங்கள், இடிக்கிற கால் இரண்டும் ஒரே குதிரையுடையதுதானே? அப்படியானால் என் மகள் என்னை வேற்றாளாக நினைக்கவில்லை! சந்தோஷம் தாங்காமல் அகராதியோடு கூடத்துக்கு ஓடினேன்.

கோபிநாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "க்ளெமான்ஸ், நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்திருந்தான்.

"அது நம்ம பிரெஞ்சு வார்த்தைம்மா! குதிரைக்குச் சொன்னது!" என்று கத்தினேன்.

பையன் பதறி எழுந்தான். குதிரை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா அங்கிள், எங்க படிப்புல இப்பவும் அப்படித்தான் சொல்றோம். லாடம் சரியில்லன்னா கால் இப்படி இடிச்சிக்கும்" என்று நடந்து காட்டினான். நானும் நடந்தேன். இரண்டு பேரும் கூடம் முழுக்கக் காலை இடித்துக்கொண்டு போய்த் திரும்பினால், க்ளெமான்ஸைக் காணோம். வாசலில் ஸ்கூட்டரும் இல்லை.

போன் போட்டால் எடுக்கவில்லை. கூடிவந்த கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று கோபிநாத்தையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கோபம் வந்தால் அவள் போகிற இடம் ஒன்றுதான். அவன் பைக்கில் தொற்றிக்கொண்டு, லாஸ்பேட்டையில் அவள் சிநேகிதி சரிதா வீட்டுக்குப் போனோம். நான் தெருமுனையிலேயே இறங்கிவிட்டேன்.

"நீ போப்பா. நான் இங்கியே நிக்கிறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நல்ல வெயில். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்தது, அதனிடம்கூடப் பேசவில்லை. வெகுநேரம் கழித்து இருவரும் கைகோத்து வந்தார்கள். க்ளெமான்ஸ் கண்ணெல்லாம் சிவப்பு, வாயெல்லாம் சிரிப்பு.

"பப்பா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப்போறோம். இப்பவாச்சும் எதனா சொல்லுங்களேன்!"

நான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து கட்டிக்கொண்டேன், அக்கா.

இனி இவர்கள் விஷயத்தில் குறுக்கே போவதில்லை என்று மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். மாதா உங்கள் வீட்டைக் குளிரில்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
பெஞ்சமேன்

பி.கு.: இதைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்த க்ளெமான்ஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கோபிநாத் அன்று பெண் கேட்க வரவே இல்லையாம்! துபாயில் குதிரை லாயத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போடலாம் என்று சொல்லத்தான் வந்தானாம். நான் விட்டால்தானே சொல்லமுடியும்! என்னோடு கூடத்தில் நடந்து முடிப்பதற்குள், "இந்த வீட்ட விட்டுட்டு எங்க போறது" என்று அவனுக்குத் தோன்றிவிட்டதாம், துபாயை விட்டுவிட்டானாம். மேலே எழுதிய சத்தியத்தை அடித்துவிடுங்கள். இருவரும் மண்டபம் பார்க்கக் கிளம்புகிறார்கள். செருப்பு மாட்டிவிட்டேன், நானும் போகிறேன்.